நாலு அங்குலத்தில் ராய்ப்பூர்

வீட்டில் நிற்கிற ஜீப்பை ஓர் அங்குலம் தூக்கிக் கட்டினால், ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தபடி முந்நூறு கிலோமீட்டர் தூரம் பார்க்கலாம். இரண்டு அங்குலத்துக்கு அறுநூறு. கொல்லிமலை அடிவாரத்தில் இருந்த அந்த ஊரில் பதினைந்து ஜீப்புகள் பதினைந்து உயரத்தில் நின்றன. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தே, அந்த வீட்டு ஆள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

கோகிலவாணியின் ஜீப் மட்டும் வாங்கிய உயரத்திலேயே நின்றது. அவள் புருஷன் பூபதி போர்வெல் வண்டியோடு ராய்ப்பூர் பக்கம் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. வண்டி ஊர் திரும்பினால்தான் ஆளும் திரும்ப முடியும். அவன் போன மறுமாதம் பிறந்த தர்ணிகா மூன்று வாரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நடக்க வரும், ஆனால் நடக்கவில்லை. "மொத அடிய அப்பா பார்க்கோணும் சாமி, அதுவரைக்கும் பொறு," என்று கோகிலவாணி சொல்லியிருந்தாள். குழந்தையும் சரி என்றுவிட்டது. போனில் காட்டலாம்தான். போனில் நடந்தால் அது நடந்த கணக்கில் வராது.

அதனால் அவள் ஜாக்கியை எடுத்தாள்.

"பட்டறைக்கு உட்டாப் பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுத் தந்துருவானல்லோ அம்மிணி," என்றாள் பக்கத்து வீட்டுப் பாவாயி. அவள் மகன் அஸ்ஸாமில் இருந்தான். அவள் ஜீப்பில் ஏற ஏணி வேண்டும்.

"நாம தூக்குனாத்தானுங்கக்கா நம்ம ஆளு தெரியும். பட்டறைக்காரரு தூக்குனா அவரு மச்சான்தான் தெரிவாரு."

"அதுவுஞ் செரிதான். அந்த மூஞ்சிய ஆரு பாக்கறது?"

முதல் நாள் நாலு மூலையிலும் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் ஓர் அங்குல இரும்புக் கட்டையை வைத்து முடுக்கினாள். ஏறி உட்கார்ந்து பார்த்தாள். ஆந்திராவில் ஒரு டீக்கடை தெரிந்தது. போகிற வழியில் பூபதி டீ குடித்த கிளாஸ் இன்னும் கழுவாமல் பெஞ்சின் மேல் இருந்தது. அடுத்த நாள் இன்னோர் அங்குலத்துக்கு ஒரு ஸ்பிரிங் பட்டை சேர்த்தாள். அவன் லாரியில் தூங்கிக்கொண்டு போன ரோடு தெரிந்தது. மூன்றாம் நாள் இன்னொரு பட்டை. ஒரு பாலத்தடியில் அவன் துவைத்துக் காயப்போட்டு மறந்துவிட்டுப் போன துண்டு ஆடிக்கொண்டிருந்தது. அதை அவள் கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தாள். பிறகு இறங்கிப் போய்ச் சோறு வடித்தாள்.

நாலாம் நாள் காலையில், பட்டை தொங்குகிற கொக்கிகளைக் கழற்றிவிட்டு நீளமானவற்றை மாட்டினாள். பிரேக் ஹோஸ் எட்டவில்லை என்பதால் அதையும் மாற்றினாள். நாலு அங்குலம் ஆயிற்று. வாசலில் பாவாயி குழந்தைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். கோகிலவாணி ஏறி உட்கார்ந்து, "வா சாமி," என்றாள்.

தர்ணிகா சுவரை விட்டுவிட்டு வலது காலைத் தூக்கினாள்.

"வெச்சராதே, இரு இரு!" என்று கத்தினாள் கோகிலவாணி. எதிரே பனிமலை தெரிந்தது. ஒருவர் கம்பளிக் காலுறைகளைக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் பூபதி இல்லை.

போன் போட்டாள்.

"ஏனுங், எங்க போனீங்க?"

"இங்கதான் புள்ள இருக்கறேன். எனக்கும் நீ தெரியல. கன்னியாகுமரியத் தாண்டி வெறுந் தண்ணியாத் தெரியுது. ஒரு மீனுதான் என்னையப் பார்த்துட்டு இருக்குது."

"வண்டியத் தூக்குனீங்களா?"

"நீ ஒருத்தியாக் கெடந்து கஷ்டப்படறயேன்னு, காலையில ஜாக்கில நானும் மூணு அங்குலம் ஏத்துனேன்."

"நல்லா ஏத்துனீங்க போங்க! எறக்குங்க சீக்கிரம்."

"எப்படி எறக்கறது? போரு அறுநூறு அடி போயிருக்குது. இப்ப எறக்குனா ராடு மாட்டிக்கும்."

கோகிலவாணி குழந்தையைப் பார்த்தாள். தூக்கிய கால் தூக்கியபடியே இருந்தது. கால் மாற்றிக்கொண்டால் அதுவே ஓர் அடியாகிவிடும் என்று தர்ணிகாவுக்குத் தெரியும்.

"செரி, நானே எறக்கறேன்," என்று ஜீப்புக்கு அடியில் நுழைந்தாள். முதலில் கொக்கிகள். அப்புறம் பட்டைகள். கண்ணில் துரு கொட்டியது. கையில் கிரீஸ் இருந்ததால் புஜத்தால் துடைத்துக்கொண்டாள்.

"புள்ளைக்குக் கால் நடுங்குது அம்மிணி," என்றாள் பாவாயி.

"இன்னும் ஒரே மூலைதான் சாமி. பல்லக் கடிச்சுக்கோ."

"அவளுக்கு நாலு பல்லுதானே இருக்குது!"

"நாலையுங் கடிக்கச் சொல்லுங்க."

கடைசி நட்டை முடுக்கிவிட்டுக் கைகூடக் கழுவாமல் ஏறி உட்கார்ந்தாள். இவளுக்கு ஒன்று, அவனுக்கு மூன்று, கூட்டினால் நாலு. பூபதி தெரிந்தான். இளைத்திருந்தான். நீலச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. போர்வெல் குழியிலிருந்து கல்மாவுத் தண்ணீர் கொப்பளித்து அவனைச் சுற்றி வெள்ளைச் சேறாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் இவள் பக்கமாகப் பார்த்து, தலைமுடியைக் கையால் படியவைத்தான். இவளும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மடியில் கிடந்த போனை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள்.

"பாத்தது போதும், புள்ளையச் சொல்லு!" என்று பாவாயி அதட்டினாள்.

"வா சாமி. அப்பா பாக்கறாரு."

தர்ணிகா காலை வைத்தாள். அப்புறம் அடுத்ததை. வாசலில் எட்டு அடி நடந்து, ஜீப்பின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் பெருக்கித் தண்ணீர் தெளித்த வாசலில் ஒரு சுவடும் இல்லை. அங்கே வெள்ளைச் சேற்றில், பூபதியை நோக்கி, எட்டுச் சின்னப் பாதங்கள் ஒவ்வொன்றாகப் பதிந்திருந்தன. அவன் மண்டி போட்டு, கடைசிப் பாதத்துக்குப் பக்கத்தில் தன் உள்ளங்கையை வைத்து அளந்து பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

"கோகி, இங்க கல்லுத் தூளாக் கெடக்குது. புள்ளைக்குச் செருப்புப் போட்டுடு."

அவள் இறங்கி, குழந்தையின் உள்ளங்காலில் ஒட்டியிருந்த வெள்ளைச் சேற்றைத் துடைத்துவிட்டு, செருப்பு எடுத்துவர வீட்டுக்குள் போனாள்.