கோபம் செய்துகொடுத்தவள்

அந்த ஆளுக்குக் கோபமே வராது. நான்தான் வரவழைத்தேன். இதைச் சொல்ல இன்றைக்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இரண்டு வருஷம் இதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

என் வேலை, ஓட்டல்களைப் பற்றி ஊரைப் பேசவைப்பது. பத்திரிகைக்காரர்களுக்குப் போன் போடுவேன், சேனல்காரர்களின் காலைச் சுற்றுவேன், வீடியோ போடுகிற பிள்ளைகளைக் கூப்பிட்டு வயிறு முட்டச் சாப்பிடவைத்து அனுப்புவேன். தெருவுக்கு நாலு ஓட்டல் இருக்கிற ஊரில் எல்லாரும் 'எங்கள் மீன் புதுசு, எங்கள் சூப் சூடு' என்றால் எந்த நிருபர் எட்டிப் பார்ப்பான்? மீன் கெட்டுப்போயிருந்தால்தான் அவனுக்குச் செய்தி.

இந்த ஓட்டலின் செஃப்பை நான் முதன்முதல் பார்த்தபோது, பக்கத்தில் நின்ற சமையல்காரரிடம் "கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா, தப்பா நினைக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, மலை மாதிரி உடம்பு, அதற்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல். கைப்பக்குவம் அபாரம். ஆனால் கேமரா முன்னால் அவர் வாயைத் திறந்தால் கேமராக்காரன் கொட்டாவி விட்டான். நான் ஒரு தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இதைச் சுவத்துல அடிங்க சார்" என்றேன்.

"எதுக்கு மேடம், நல்ல தட்டாச்சே."

மூன்றாவது தடவைதான் உடைத்தார். உடைத்துவிட்டுத் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த வீடியோ வெளியான மறுநாள் ஓட்டல் போன் ஓயவில்லை.

அப்புறம் கிடுகிடுவென்று வளர்ந்தது. அவருக்கு 'எரிமலை' என்று பெயர் வைத்தது நான். உடைப்பதற்கென்றே விரிசல் விட்ட தட்டுகளை மூட்டை மூட்டையாக வரவழைத்ததும் நான். கன்னத்தில் அறைகிற மாதிரி ஒரு காட்சியும் சொல்லிக்கொடுத்தேன். அவர் கை காதுக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிடும், சமையல்காரர் வெடுக்கென்று தலையைத் திருப்புவார், அதே நொடியில் கேமராவில் விழாத மூலையிலிருந்து பாத்திரம் கழுவுகிறவர் பட்டென்று கைதட்டுவார். அவருக்குக் கைதட்டி அண்ணன் என்றே பெயராகிவிட்டது. கை ஈரமாக இருந்தால் சத்தம் சரியாக விழாது என்று மடியில் தனியாக ஒரு துண்டு வைத்திருப்பார் மனுஷன். ஜனங்கள் பணம் கொடுத்துத் திட்டு வாங்க வரிசையில் நின்றார்கள். சூப்பில் உப்பு குறைவு என்று சொன்ன ஒரு மாப்பிள்ளையை மாமியார் முன்னாலேயே எரிமலை எழுப்பி நிறுத்திக் கத்தினார், மாமியார் அதைப் படம்பிடித்து எல்லாருக்கும் அனுப்பினார்.

அறை வாங்குகிறவர்களில் என் தம்பியும் ஒருத்தன். பெரிய இரும்புக் கல்லில் மீனும் இறைச்சியும் வாட்டுவது அவன் வேலை. நான்தான் சேர்த்துவிட்டேன். அம்மா அப்பா போன பிறகு எங்களுக்கு இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அவனுக்கு இருபத்தொன்பது வயது, எனக்கு அவன் இன்னும் பொடியன். அவன் கை வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் பசிக்கும்.

ஒரு மாதம் முன்னால் அவன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினான். கரண்டிக் காம்பு அளவுக்கு ஒரு தடிப்பு.

"அக்கா, அவர் இப்பல்லாம் கேமரா இல்லாதப்பவும் அடிக்கிறார். மீன் வெட்டுற அண்ணனுக்கு உதடு கிழிஞ்சிருச்சு. நான் வேற இடம் பார்த்துக்கறேன்."

"கதவு இடிச்சதுன்னு சொன்னாரே அவர்?"

"அப்படிச் சொல்லலைன்னா வேலை இருக்குமா? உனக்குத் தெரியாத மாதிரி பேசாதக்கா."

எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்குத்தான் அவ்வளவு பாடுபட்டேன். பெரிய சேனல் ஒன்று ஒரு மணி நேர நிகழ்ச்சி எடுக்க வருவதாக இருந்தது. அது முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொள், அதற்கப்புறம் நானே உனக்கு வேறு இடம் பார்க்கிறேன் என்றேன். சட்டையைப் போட்டுக்கொண்டு, சரி என்றான். நான் சொல்லி அவன் எதையும் தட்டியதில்லை.

படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வாரப் பத்திரிகைக்காரன் என் தலையில் கல்லைப் போட்டான். 'எரிமலையின் கோபம் இப்போது ஒத்திகை பார்த்தது போலத் தெரிகிறது' என்று எழுதிவிட்டான். நான் செஃப்பிடம் ஓடினேன். "சார், சேனல்ல அப்படித் தெரியக் கூடாது. நிஜம்னு நம்பணும்" என்றேன். அவர் தலையாட்டினார். முன்பெல்லாம் 'எதுக்கு மேடம்' என்று கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை.

காலை பத்து மணிக்குப் படப்பிடிப்பு. சாப்பாட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தட்டு நகர்த்துகிற ஜன்னல் பக்கம் எனக்கு ஒரு சின்னத் திரை வைத்துக் கொடுத்தார்கள். காதில் ஹெட்போன். எல்லாரையும் நிற்கவைத்து என் விதியைச் சொன்னேன். அவர் கத்துவார், எறிவார், யாரும் குறுக்கே போகக் கூடாது. நான் ஜன்னலில் கையைத் தூக்கினால்தான் நிறுத்த வேண்டும். அதுவரை கேமராவும் நிற்கக் கூடாது, சமையலும் நிற்கக் கூடாது. தம்பி அடுப்பு பக்கத்திலிருந்து சிரித்தான்.

டைரக்டர் கைதட்டி அண்ணனை வெளியே அனுப்பிவிட்டான். எவர்சில்வர் சுவரில் அவர் நிழல் தெரிகிறதாம். "சத்தத்தை நாங்க அப்புறமா சேர்த்துக்கறோம்" என்றான். அண்ணன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து டீ கிளாசோடு நின்றார்.

முதல் தட்டு பறந்தது. இரண்டாவது, மூன்றாவது. சாஸ் சட்டியைக் காலால் எட்டி உதைத்தார். மீன் வெட்டுகிறவர் ஒதுங்கப் போய் வழுக்கி விழ, அவர் விலாவில் ஓர் உதை. திரையில் எல்லாம் பிரமாதமாக இருந்தது. பிறகு அடுப்புப் பக்கம் வந்தார். "இது மீனா, செருப்பாடா?" என்று தம்பி காலரைப் பிடித்தார். கை ஓங்கினார். தம்பி தலை திரும்பியது.

என் காதில் பட்டென்று சத்தம் விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். கைதட்டி அண்ணனின் இரண்டு கையும் டீ கிளாசைச் சுற்றி இருந்தன. அவர் வாய் திறந்திருந்தது. "நான் தட்டலையேம்மா" என்றார்.

அடுத்த அறை விழுந்தது. தம்பியின் மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. அவன் செஃப்பைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். அதை நான் தூக்குவேன் என்று காத்திருந்தான்.

நான் தூக்கவில்லை. மயங்கவில்லை, பயப்படவில்லை, ஒன்றும் புரியாமல் விழிக்கவும் இல்லை. எல்லாம் புரிந்தது. படம் அவ்வளவு நன்றாக இருந்தது, அதுதான் காரணம். ரத்தமும் நெருப்பும் அவன் கண்ணும் ஒரே சட்டத்துக்குள் வந்திருந்தன. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஒரு கணம் என்று என் புத்தி சொன்னது. அந்தக் கணத்தில் எரிமலை அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை இரும்புக் கல்லில் வைத்து, தன் உடம்பு பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினார்.

அவன் போட்ட சத்தத்தில் ஹெட்போனைப் பிய்த்து எறிந்தேன். எறிந்த பிறகும் கேட்டது. டைரக்டர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான், பாவி.

எப்படி உள்ளே போனேன் என்று நினைவில்லை. கைக்கு வந்தது ஒரு வாணலி. அதன் அடிப்பக்கத்தால் செஃப்பின் தலையில் அடித்தேன். புருவம் பிளந்தது. அவர் திரும்பி என்னை அறைந்த அறையில் அலமாரியோடு போய் மோதினேன், கடைவாய்ப் பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. எழுந்து மறுபடி அடித்தேன். இந்தத் தடவை தோளில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அதற்குள் மீன் வெட்டுகிறவர் எழுந்து வந்துவிட்டார். அவர் பின்னால் மற்றவர்கள். இரண்டு வருஷத்துத் திட்டும் உதையும் ஒரே நேரத்தில் திரும்பி வந்தன. கரண்டி, தட்டு, முஷ்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு அடித்தார்கள். அந்தப் பெரிய உடம்பு உடைந்த பீங்கான்மேல் சரிந்து விழுந்தது, விழுந்தபிறகும் விடவில்லை. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டி அண்ணனும் வந்து, தன் பங்குக்கு முகத்தில் ஒன்று வைத்தார்.

நானும் உதைத்தேன். செஃப் ரத்தத்துக்குள்ளிருந்து ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவருடைய பழைய சின்னக் குரல் வந்தது.

"நீங்கதானே மேடம் நிஜமா இருக்கணும்னு சொன்னீங்க?"

அதற்குப் பிறகு என்னால் உதைக்க முடியவில்லை. அழுதுகொண்டே போய்த் தம்பியைத் தூக்கினேன். இரண்டு கேமராவும் ஓடிக்கொண்டிருந்தன. நான்தான் கையைத் தூக்கவில்லையே.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். உள்ளங்கைத் தோல் முழுக்கப் போய்விட்டது, தொடையிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும், நடு விரலும் மோதிர விரலும் இனி மடங்காது. இனிக் கத்தி பிடிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார்.

மத்தியானம் முதலாளி போன் செய்தார். "நடந்தது நடந்துபோச்சும்மா. நடிக்கும்போது சின்ன விபத்துன்னு அழகா ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்துடு. உன்னைவிட்டா யாரு எழுதுவா?" வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் அம்மா கேட்டிருந்தால் என் வாயில் சூடு வைத்திருப்பாள். போனை வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த நிருபர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டேன். எரிமலை என்பது பொய், நான் செய்த பொய், வந்து பாருங்கள், என் தம்பி கையைப் பாருங்கள் என்றேன். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்ற நினைப்பில் எனக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

நாலு மணிக்கு வந்தார்கள். நான் எப்போது கூப்பிட்டாலும் வருகிறவர்கள்தான். சின்ன அறையில் பத்தொன்பது பேர். ஒருத்தன் முழங்கை இன்னொருத்தன் மூக்கில் பட்டு, கட்டில் காலடியிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மருந்து ஏறுகிற கம்பி ஆடியது. "கையைக் கொஞ்சம் தூக்குங்க பிரதர்", "இந்தப் பக்கம் பாருங்க", "வலிக்குதா? எப்படி வலிக்குதுன்னு சொல்லுங்க." தம்பி நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

நான் என்ன செய்தேன் என்றால், முதலில் திரைச்சீலையை விலக்கினேன். வெளிச்சம் போதவில்லை. பிறகு ஒரு தலையணையை எடுத்து அவன் வலது கைக்குக் கீழே வைத்து, கட்டு நன்றாகத் தெரிகிற மாதிரி உயர்த்தினேன். அவன் பல்லுக்குள் முனகினான். பிறகு குனிந்து, முகத்தை மூடியிருந்த இடது கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"மூஞ்சி தெரியணும்டா" என்றேன்.

கேமராக்கள் சடசடத்தன. அவன் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தான். கூட்டத்தை நெட்டித் தள்ளிக்கொண்டு நர்ஸ் உள்ளே வந்து, எல்லாரும் வெளியே போங்கள் என்று கத்தினாள். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்கள். நான் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"சிஸ்டர்" என்றான் தம்பி. "இவங்களையும் கூட்டிட்டுப் போயிடுங்க."

"அவங்க உங்க வீட்டு ஆள் இல்லையா?"

அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். நர்ஸ் என்னைப் பார்த்தாள். அவன் சொல்வான் என்று காத்திருந்தேன், ஒரு வார்த்தை, வேண்டாவெறுப்பாகவாவது. சொல்லவில்லை. நானே எழுந்து வெளியே வந்தேன்.

வராந்தாவில் ஒரு நிருபர் நோட்டுப் புத்தகத்தோடு காத்திருந்தான். புதுப் பையன், என்னைத் தெரியாதவன். "மேடம், படத்துல நீங்களும் விழுந்துட்டீங்க. கீழே என்னன்னு போடட்டும்? அவருக்கு நீங்க என்ன வேணும்?"

உதடு வரை வந்தது. வாயைத் திறந்தேன். பல் போன இடத்தில் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது, விழுங்கினேன்.

"அந்த ஓட்டலுக்கு விளம்பரம் பார்க்கிறவங்கன்னு போடுங்க" என்றேன்.