தனி ஆளுக்கு அகலும் தேரி

முட்டத்துக்குக் கிழக்கே இருக்கும் தேரி என்ற செம்மணல் மேட்டை இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். தனியாக நடப்பவருக்கு நாட்கணக்கில்கூட ஆகும். எவ்வளவு நாள் என்பது அவரவர் தனிமையைப் பொறுத்தது. பெண்டாட்டியிடம் கோபித்துக்கொண்டு வந்தவருக்கு ஒரு மத்தியானம் போதும். இது வெகுகாலம் வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம் எளிது. நிலம் அளக்கும் சங்கிலியின் இரு முனைகளையும் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஆகவே அளந்தவர்களுக்குத் தேரி எப்போதும் சிறியதாகவே இருந்தது.

ரெஜிலா குவைத்தில் நர்ஸாக இருந்து திரும்பியவள். அவள் அங்கே இருந்த காலத்தில் தம்பி ஜிபின் மார்த்தாண்டத்தில் டைல்ஸ் கடை வைத்தான், தங்கை கல்யாணமாகிப் போனாள், அம்மாவை அடக்கம் செய்தார்கள். வந்து பார்த்தபோது வீட்டில் எல்லாம் இருந்தது, பேச ஆள் இல்லை. ஒரு நாள் காலை நடைக்காகத் தேரியில் இறங்கினாள். வெயில் உச்சிக்கு வந்தும் மறுகரைத் தென்னைகள் தெரியவில்லை. திரும்பும்போது காலடியில் நகம் அளவில் ஒரு வெள்ளைக் கல் கிடந்தது. அதன் ஒரு ஓரத்தை யாரோ பல் பல்லாகச் செதுக்கியிருந்தார்கள். தொல்லியல் துறைக்குப் படம் அனுப்பிக் கேட்டதில், அது அம்பில் பதிக்கிற கல் என்றும், செய்தவர்கள் பல ஆயிரம் வருடங்களுக்கு முந்தியவர்கள் என்றும் பதில் வந்தது.

தேரியில் கல் எப்படி வெளியே வருகிறது என்றால், ஆனி ஆடிக் காற்று மணலை மட்டும் அள்ளிப்போகும், கல் கனமாகையால் அங்கேயே தங்கிவிடும். பறக்கும் மணல் வருடக்கணக்கில் உரசி அதன் முனையை மழுக்கும். ஆகவே மழுங்கிய கல் நெடுநாள் கிடந்தது, கூரான கல் அண்மையில் உடைத்தது. அடுத்தடுத்த நடைகளில், உள்ளே போகப் போகக் கற்கள் கூராகிக்கொண்டே வருவதை ரெஜிலா கண்டாள். இன்னும் உள்ளே போனால் உடைத்த ஆளே இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டாள். அவரும் தனி ஆளாகத்தான் இருப்பார். அந்த இடத்தில் வேறு மாதிரி யாரும் இருக்க முடியாது. அவரைப் பார்க்காமல் இனி இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மார்த்தாண்டத்தில் ஒரு கூடாரம் வாங்கினாள்.

“ஏட்டி, இந்தப் பொடி மணலுக்குக் கூடாரமா? மழைக்கு ஒதுங்கவா, மாப்பிள பாக்கவா?” என்றாள் மீன் விற்கும் இசபெல்.

விஷயம் கேட்டு ஜிபின் ஓடிவந்து, கூடவே தேரியில் இறங்கினான். பேசி முடிக்குமுன் மறுகரை வந்துவிட்டது. “இதுக்கா அக்கா டென்ட்டு? நாலு பேரு என்ன நெனைப்பாவ?” என்றான். நாலு பேரில் ஒருவரும் அவளிடம் பேசி மாதக்கணக்காகிறது என்று அவள் சொல்லவில்லை. அவனைப் பஸ் ஏற்றிவிட்டு, தண்ணீர்க் கேன்களோடு தனியாக இறங்கினாள்.

பகலில் நடந்தாள், பொழுது சாய்ந்ததும் கூடாரம் அடித்தாள். பேசாமலிருந்து தொண்டை அடைத்துப்போகாமல் இருக்க, தண்ணீர் குடித்ததும் “போதும்” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கடலின் இரைச்சல் நின்றது. பிறகு ஒரு கல் விரலைக் கிழித்தது. பிறகு சூடு ஆறாத சாம்பல். பிறகு, மேட்டுக்கு அப்பாலிருந்து கல்லில் கல் தட்டும் சத்தம்.

மேடேறிப் பார்த்தாள். முதுகு காட்டி ஒரு பெண் உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் ரெஜிலா எல்லாக் கணக்கையும் மறந்து, “மக்கா” என்று கூப்பிட்டுவிட்டாள்.

அந்தப் பெண் திரும்பினாள். இரண்டு பேரானதும் தேரி பத்து நிமிட அகலத்துக்குச் சுருங்கியது. கோயில் மைக் கேட்டது. அந்தப் பெண் தன் ஆட்களிடமிருந்து வந்த வழி இருந்த திசையில் தென்னந்தோப்பும் செல்போன் கோபுரமும் நின்றன. அவள் அவற்றை வெகுநேரம் பார்த்தாள். ஒரு ஆளைத் தன் வீட்டிலிருந்து அறுத்து எடுத்துவிட்டோம் என்று ரெஜிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

“வெளிநாட்டுக்காரியா?” என்றாள் இசபெல்.

“இந்த ஊருக்காரிதான். நமக்கெல்லாம் முன்னாடியே உள்ளவ.”

“அப்போ நம்ம கோயில் கொடியேத்துக்கு ஒருக்காகூட வரல்லியேட்டி.”

ஒரு மழைக்காலம் முழுக்க இருவரும் ஒரே அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தின்றார்கள். ஒருத்தி பேச்சு மற்றவளுக்குப் புரியாது. இருந்தும் ரெஜிலாவின் தொண்டை தெளிந்தது. ஆனால் அந்தப் பெண் தினமும் வாசலில் நின்று தேரிப் பக்கமே பார்த்தாள். தன் ஆட்களிடம் போக அவளுக்கு இருந்தது ஒரே வழி, அது துணையோடு போனால் திறக்காது. அதனால் தை பிறந்ததும் ரெஜிலா கூடாரத்தையும் அவித்த கிழங்கையும் கட்டிக் கொடுத்து, தேரிக்கரையில் நின்றுகொண்டாள். ஒரு அடிகூட உடன் வைக்கவில்லை.

அந்தப் பெண்ணின் தனிமைக்குத் தேரி எவ்வளவு அகலும் என்று யாருக்கும் கணக்கு இல்லை. மறு ஆடிக் காற்றும் அடித்து ஓய்ந்துவிட்டது.

“அவ திரும்பி வந்தாளாட்டி?” என்று இசபெல் கேட்டாள்.

“இல்ல. அவளுக்குத் தூரம் கூடுதலாக்கும்.”

“அது செரிதான்,” என்ற இசபெல், சாளை வேணுமா நெத்திலி வேணுமா என்று கேட்டாள். ரெஜிலா சாளை வாங்கிக்கொண்டாள்.