இயந்திரத்தின் மறுமுனை

தேயிலைக் கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் ஒரு முனையை நானும் மறுமுனையை சசிரேகா அக்காவும் பிடித்து, செடி வரிசையின் இருபுறமும் நடப்போம். ஒருத்தி நடந்தால் மற்றவளும் நடந்தாக வேண்டும்.

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள் நான். பக்கத்து ஊரான ரிங்லெட்டில் சனிக்கிழமை நடக்கும் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு வகுப்பில் சேரலாமா, வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், "நான் படிக்கப் போறேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

அக்கா சட்டென்று நின்றுவிட்டார். நான் நடந்தேன். இயந்திரம் கோணிக்கொண்டு ஒரு செடியை மொட்டையடித்தது.

"முப்பது வயசுல ஸ்கூலா? சனிக்கிழம நான் யாரோட வெட்டறது, தோட்டத்துத் துரையோடவா?"

"அப்ப போகலக்கா."

"போகாததுக்கா செடிய மொட்டையடிச்ச?"

கங்காணி வேலப்பன் ஓடிவந்தார். "யாரு வேல இது?"

"இவ படிக்கப் போறா, கங்காணி. சனிக்கிழம எங்க ரெண்டு பேருக்கும் லீவு," என்றார் அக்கா.

"உனக்கு எதுக்கு?"

"ஒத்த ஆளா மெஷின் புடிக்க முடியுமா? நானும் கிளாஸுக்குப் போறேன்லா. ஆனா பரீட்சைய இவதான் எழுதணும்."

நான் வாய் திறப்பதற்குள் அக்கா நடக்கத் தொடங்கிவிட்டார். நானும் நடந்தாக வேண்டியிருந்தது.