ஏழாம் தூணுக்கான இடம்

ஊர்ப் பொதுமண்டபத்தின் பாய் விரித்த அறையில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் ஊர்த்தலைவர் குவமோத்தோ. அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவருக்கு எதிரே, சுருட்டிய வரைபடத்தை மடியில் வைத்து மண்டி போட்டிருந்தார் சாலை அலுவலகத்து ஷிகெத்தா. சுவரில் சாய்ந்து, வலிக்கிற முழங்காலை நீட்டிக்கொண்டு, ஹிரோஷிமாவிலிருந்து வந்த யசுஹெய். கதவோரம், குளிர்காற்று புகும் இடத்தில், அவருடைய அண்ணன் மனைவி மினெகோ. கெண்டி அங்கேதான் இருந்தது. யாராவது தேநீர் ஊற்றியாக வேண்டும்.

ஷிகெத்தா வரைபடத்தை விரித்தார். விரைவுச்சாலை கிழக்கேயிருந்தும் வந்துவிட்டது, மேற்கேயிருந்தும் வந்துவிட்டது. நடுவில் இந்தப் பள்ளத்தாக்கு மட்டும் பாக்கி. மினெகோ கல்யாணமாகி வந்த வருஷமே வரைபடத்தில் வழி குறித்தார்கள். பிறகு பணமில்லை என்றார்கள், ஆளில்லாத ஊருக்கு எதற்கு என்றார்கள், நாலு தடத்தை இரண்டாகக் குறைத்தார்கள். இப்போது பாலத்தின் ஏழாம் தூண் எங்கே நிற்கும் என்பது வரை முடிவாகிவிட்டது. மேட்டிலிருக்கும் யசுஹெய், மினெகோ குடும்பத்துக் கல்லறை மேல்.

"கொஞ்சம் தள்ளி நட முடியாதா?" என்றார் குவமோத்தோ, கேட்காவிட்டால் நன்றாக இருக்காதே என்று.

"பாறை அங்கதான் கெட்டியா இருக்குங்க. மன்னிக்கணும்." ஷிகெத்தா நெற்றி பாயில் படக் குனிந்தார்.

"விடுங்க. எங்கப்பா சாகறவரைக்கும் ரோடு எங்க, ரோடு எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. இப்ப நேரா அவரு தலை மேலயே வருது," என்றார் யசுஹெய்.

குவமோத்தோ உரக்கச் சிரித்தார். ஷிகெத்தா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தேநீரைப் பார்த்தார்.

வேண்டாம் என்று சொல்ல மினெகோவுக்கு வாயில்லை. அவள் கணவர் இசாவோவுக்கு நெஞ்சு வலித்த அன்று, ஆம்புலன்ஸ் கடலோரச் சாலையில் வளைந்து வளைந்து போனது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் பாதி தூரம் இருக்கும்போதே அவர் மார்பை அழுத்திக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ்காரர் கையை எடுத்துவிட்டார். சாலை வேண்டும் என்று அதற்கப்புறம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவள் அவள்தான்.

யசுஹெய் ஒரு வண்ணத்தாளை எடுத்து வைத்தார். "ஹிரோஷிமா ஸ்டேஷன் பக்கத்துலயே ஒரு கட்டடம், அண்ணி. கார்டைத் தேய்ச்சா அஸ்திப் பெட்டி தானா வந்து முன்னால நிக்கும். ஏசி இருக்கு. புல்லு பிடுங்கற வேலையே இல்ல."

"பெட்டிக்கு எத்தனை பேரு?" என்று கேட்டவர் குவமோத்தோ.

"எட்டு. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன். அப்புறம் நானு, என் வீட்டுக்காரி, பையன்." மடக்கிய விரல்கள் எட்டில் நின்றன.

"அடப்பாவி, மினெகோ சான் எங்க போவாங்க? கூரை மேல உட்காருவாங்களா?"

யசுஹெய் விரல்களைப் பார்த்தார். கெட்ட எண்ணமில்லை, கணக்குப் போடும்போது அவள் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். "அண்ணிக்குப் பொறந்த வீட்டுக் கல்லறை இருக்கே. கடலைப் பாத்த இடம், நம்ம எடத்தவிட வசதி. கொழந்தை குட்டின்னு இருந்திருந்தா வேற மாதிரி யோசிச்சிருப்பேன்."

"டீ ஊத்தட்டுமா?" என்றாள் மினெகோ.

மூத்தவரின் மனைவி என்பதால் கல்லறை அவள் பொறுப்பு. எங்கே மாற்றுவதானாலும், கையெழுத்துக்குப் பதிலாக, தாளில் அவள் முத்திரை வேண்டும். கல்லறையில் இருக்கும் ஒருவருக்கு ஒரு தாள் வீதம் ஐந்து தாள்களை யசுஹெய் விட்டுப்போனார். "அவசரமில்ல அண்ணி. இந்த மாசத்துக்குள்ள அனுப்புங்க."

அடுத்த வாரம் கோவில் பிக்கு வந்து, கல்லிலிருந்து ஆவிகளை விடுவிக்கும் மந்திரங்களைச் சொன்னார். ஷிகெத்தா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முடிந்ததும், "இனிமே இது வெறும் கல்லு," என்றார் பிக்கு.

கல்தச்சர் தயங்கினார். இசாவோவின் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரும் வெட்டியிருந்தது. உயிரோடிருப்பவள் என்பதால் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். "அம்மா, இது உங்க பேருதானே? உடைக்கறதுக்கு முன்னால சொரண்டிடட்டுமா? உசுரோட இருக்கறவங்க பேரு மேல சுத்தியல் போட எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு."

"சொரண்டிடுங்க."

சிவப்புத் தூள் புல்லில் உதிர்ந்தது. அழுகை வரும் என்று மினெகோ காத்திருந்தாள். வரவில்லை. கால்விரல்கள் குளிரில் மரத்திருந்தன. மற்றதும் அப்படித்தான் இருந்தது.

தற்காலிகமாகக் கோவிலில் வைப்பதற்காக, உள்ளே இருந்த அஸ்திக் கலசங்களைக் குவமோத்தோவின் சிறு லாரியில் ஏற்றினார்கள். இசாவோவுடையதை மட்டும் மினெகோ மடியில் வைத்துக்கொண்டாள். கோவில் வாசலில் வண்டி நின்றது.

"மினெகோ சான், வந்துட்டோம்."

"தெரியும்."

அவள் இறங்கவில்லை. குவமோத்தோ இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துப் பிக்குவே லாரிப் பக்கம் வந்தார். அவரிடம் அவள் ஒன்று கேட்டாள். அவர் யோசித்துத் தலையசைத்தார். கலசத்தை மடியில் வைத்தபடியே வீடு திரும்பினாள்.

சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு யசுஹெய்க்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

"இங்கே இன்னும் பனி விழவில்லை. சீமைப் பனிச்சம்பழம் இந்த வருஷம் நிறைய. தோல் சீவிக் காயப் போட்டிருக்கிறேன். உங்கள் முழங்கால் தேவலையா?

பெரியவர்கள் நால்வரையும் நீங்கள் அழைத்துப் போங்கள். நான்கு தாளிலும் முத்திரை வைத்திருக்கிறேன். ஐந்தாவதை வெறுமையாகத் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் அண்ணன் என்னோடு இருப்பார். வீட்டையும் சாலைக்குக் கொடுத்துவிட்டு, டவுனில் நகராட்சிக் குடியிருப்புக்குப் போகிறேன். அங்கே கலசம் வைக்க அலமாரியில் இடமிருக்கிறது. எனக்குப் பிறகு இருவரையும் கோவிலின் பொதுக் கல்லறையில் ஒன்றாகச் சேர்த்துவிடப் பிக்கு ஒப்புக்கொண்டார்.

உங்கள் பெட்டியில் ஓர் இடம் மிஞ்சும். பையனுக்குக் கல்யாணமானால் உதவும்."

ஒருமுறை படித்துப் பார்த்தாள். சேர்க்க எதுவும் இல்லை. தாள்களை மடித்து உறையில் இட்டு, பசை தடவி, யாரும் பிரிக்காதபடி, மூடிய வாயின் குறுக்கே வழக்கம்போல மையால் குறி போட்டாள். காலையில் தபால்காரரின் சிவப்பு மோட்டார்சைக்கிள் வந்தபோது வாசலிலேயே நின்று அதைக் கொடுத்தாள். அவர் பையில் போட்டுக்கொண்டு கடலோரச் சாலை வழியாகப் போனார்.