நான்காம் பக்கத்து நாய்

மனிதகுலம் முழுவதும் கவனிக்க வேண்டிய அறிவிப்பு ஒன்று சமுதாயக் கூடத்துக் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. 'குட்டைக்கால் இனம் பேராபத்தில் இருக்கிறது. அதைக் காக்கும் வரலாற்றுப் பொறுப்பு நம் சங்கத்தின் தோளில் விழுந்துள்ளது. ஞாயிறு காலை பத்து மணிக்குத் தகுதித் தேர்வு. தண்ணீர்க் கிண்ணம் அவரவர் கொண்டுவரவும்.'

ஆபத்து வேறொன்றுமில்லை, ஊருக்கே அந்த நாயைப் பிடித்துப்போனதுதான். தெருவுக்கு நாலு குட்டைக்கால்கள். கண்டவர்களும் குட்டி போட வைத்து விற்றார்கள். அதனால் சங்கம் ஒரு விதி செய்தது: தேறிய நாய்க்குச் சான்றிதழ், மூன்று முறை தேறாத நாய்க்குக் கருத்தடை. உறுப்பினர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

தேறுவதற்கு அளவுகோல், கையேட்டின் நான்காம் பக்கத்தில் இருந்த படம். சங்கத்தைத் தொடங்கியவர் வளர்த்த முதல் நாய். தலைவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர், சும்மா இருப்பாரா? படத்தின் மேல் ஸ்கேலை வைத்து, உயரத்தைப்போல் நீளம் சரியாக இரண்டு மடங்கு என்று கண்டுபிடித்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக அதுவே வேதம். நாய்களும் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போயின. பாதிப் பேருக்கு முதுகுவலி. நாய்களுக்குத்தான்.

அந்த முதுகுகளுக்கெல்லாம் பெல்ட் தைத்துக் கொடுப்பவர் தையல்கார அம்மா. அவருடைய நாய் பொத்தானுக்கு மட்டும் பெல்ட் கிடையாது. துணி வெட்டும் மேசைக்கு ஒரே தாவலில் ஏறிவிடும். ஆனால் நீளம் ஒன்றரை மடங்குதான். இரண்டு முறை தேறவில்லை. இன்று மூன்றாவது. பொத்தானுக்கு வயது ஐந்து. அதன் குட்டி ஒன்று தன் கடையில் ஓடவேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

தலைவர் குனிந்து டேப்பைப் பிடித்தார்.

"ஒன்றரை. போன தடவை அளந்ததேதான்."

"அது என்ன சார், நான் இழுத்தா நீளுமா?"

"விதி விதிதாம்மா. நான் என்ன பண்ண முடியும்?"

"உங்க சாம்பியன் நாயைப் படி ஏத்த ரெண்டு பேர் தூக்குறீங்க. இவ ஓடுறா. எது நல்ல நாய்?"

"ஓடுறதெல்லாம் கையேட்டுல இல்ல."

செயலாளர் கருத்தடைப் படிவத்தைப் பிரித்தார். அவர் தலைவரின் தங்கை கணவர். வீட்டில் 'மாப்ளே', கூட்டத்தில் 'செயலாளர் அவர்களே'. பேனாவைத் திறக்கும்போது அச்சகக்காரர் உள்ளே நுழைந்தார். கையில் கையேட்டின் புதிய பதிப்புக்கான மாதிரித் தாள்கள்.

"ஒரு கையெழுத்து சார். மெஷின் ஓடிட்டிருக்கு."

தலைவர் நான்காம் பக்கத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"யோவ், இது யார் வீட்டுக் குட்டை நாய்யா?"

"அதே படந்தான் சார். போன பதிப்புல படம் சின்னது. ரெண்டு பக்கமும் வெள்ளையா நின்னுச்சு. பக்கம் காலியா இருக்கக் கூடாதுன்னு நீங்கதான் சத்தம் போட்டீங்க. கொஞ்சம் பக்கவாட்டுல இழுத்துவிட்டோம். இப்ப அச்சகத்துல வேலைக்கு வந்திருக்கிற பொண்ணு இழுக்க மாட்டேன்னுட்டா."



தையல்கார அம்மா பழைய கையேட்டையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாயின் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம். புதியதில் வட்டம். பழையதில் படுக்க வைத்த முட்டை.

"ஏன் சார், பன்னெண்டு வருஷமா இந்த முட்டையை யாருமே பார்க்கலையா?"

"பார்த்தேம்மா," என்றார் செயலாளர் பாவமாக. "ஏதோ புது மாடல்னு நினைச்சேன். அதே மாதிரி ஒண்ணு வாங்கக்கூட கடை கடையா அலைஞ்சேன்."

"மாப்ளே, வாயை மூடு," என்றார் தலைவர், கூட்டம் என்பதையும் மறந்து.

அம்மா தன் டேப்பை எடுத்துப் புதிய படத்தின் மேல் வைத்தார். ஒன்றரை மடங்கு. நூல் பிசகவில்லை.

செயற்குழு அவசரமாகக் கூடி நான்கு நிமிடத்தில் கலைந்தது. சங்கத்தின் பன்னிரண்டு ஆண்டுத் தளராத உழைப்பால் இனத்தின் அசல் வடிவம் மீட்கப்பட்டது என்று தீர்மானம் எழுதப்பட்டது. பொத்தானுக்குச் சான்றிதழ் கிடைத்தது. தலைவர் கூடத்தின் கடைசி வரிசைக்குப் போய்த் தன் சாம்பியனின் முதுகைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு பொத்தான் மூன்று குட்டிகள் போட்டது. ஒன்று அம்மாவிடமே தங்கியது. இன்னொன்றைத் தலைவர் வரிசையில் நின்று வாங்கிப்போனார். நான்கு மாதம் கழித்து அதோடு தையல் கடைக்கு வந்தார்.

"ஒரு பெல்ட் தைக்கணும்மா. நல்லதா."

"இதுக்கு எதுக்கு சார்? நல்லாத்தானே ஓடுது."

"இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு. எத்தனை வருஷமா இந்த இனத்தைக் காப்பாத்திட்டு வர்றோம்! அளவு நானே எடுத்துத் தர்றேன்," என்று சட்டைப் பையைத் தடவினார்.

டேப்பைக் குட்டி ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தது.