கோணல் பட்டை

“அக்கா, இந்த மீன் எந்தக் கடல்ல இருந்து வந்துச்சு? எப்படிப் பிடிச்சாங்க?”

மீன் வாங்க வந்த சுபாஸ்ரீ முதன்முதலாக இப்படிக் கேட்டபோது சுமலதாவுக்குப் பதில் தெரியவில்லை. ஹப்சிகுடாவில் அவளும் கணவன் மணிவண்ணனும் கடல்மீன் தொட்டிக் கடை வைத்த நாளாக, அதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. சுபாஸ்ரீதான் விளக்கினாள். பவளப்பாறை இடுக்கில் சயனைடைப் பீய்ச்சுவார்களாம். மயங்கி வரும் மீனை அள்ளுவார்களாம். மீன் கொஞ்ச நாள் நன்றாகத்தான் மேயும், பிறகு காரணம் தெரியாமல் செத்து மிதக்கும்.

அப்படி மிதந்தவற்றையெல்லாம் அள்ளிப் போட்ட கை சுமலதாவுடையது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவனோடு மல்லுக்கு நின்று, பண்ணைத் தொட்டியில் பிறந்த, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளௌன் மீன்களை மட்டும் வாங்க வைத்தாள். வாசலில் பலகையும் மாட்டினாள்: ‘கடலில் பிடித்த மீன் இங்கே இல்லை.’ சுபாஸ்ரீ அதைப் படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள்.

பண்ணை மீனுக்கு ஒரு குறை. உடம்பின் வெள்ளைப் பட்டை சிலவற்றுக்குப் பாதியில் நின்றுவிடும், சிலவற்றுக்குக் கோணிக்கொள்ளும். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் வருகிறவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, “நக்கோ பாய், டிஃபெக்ட் பீஸ்” என்று வேண்டாமெனத் தலையாட்டி நகர்ந்தார்கள்.

மணிவண்ணன் எவ்வளவுதான் பொறுப்பான்? கடலில் பிடித்த மீனாகவே விமானத்தில் ஒரு பெட்டி வரவழைத்தான். அளவுகோல் வைத்துப் போட்டாற்போலப் பட்டைகள். பக்கத்துத் தொட்டியில் விட்டான்.

“அந்தப் பலகையையாவது கழட்டுங்க,” என்றாள் சுமலதா.

“ஏன், மீனு வந்து படிச்சுப் பார்க்கப் போவுதா? சும்மா இருடி.”

அந்த வாரமே சுபாஸ்ரீ வந்தாள். குகட்பள்ளியில் அவளுக்குப் புது ஃபிளாட். கூடத்துத் தொட்டியில் தண்ணீர் மீன் விடும் பக்குவத்துக்கு வந்து தயாராக இருந்தது, மறுநாள் கிரகப்பிரவேசம்.

“ஐயோ, என்ன அழகு! இந்த ஜோடியைக் குடுங்கண்ணா. நாளைக்கு வர்றவங்கல்லாம் இதத்தான் ஃபோட்டோ எடுப்பாங்க. பண்ணை மீன்தானே?”

“கேக்கணுமா மேடம், பலகை போட்டிருக்கோம்ல?” மணிவண்ணன் அதற்குள் மீன்களைப் பையில் போட்டு, ஆக்ஸிஜன் நிரப்பி, ரப்பர் வளையத்தை இறுக்கியிருந்தான். பணமும் போனில் வந்துவிட்டது.

சுமலதா மேசையருகே வந்தாள். சொன்னால் வீட்டில் ரகளை நடக்கும். சொல்லாவிட்டால், தன் கண்ணைத் திறந்தவளுக்கே தான் குழி பறித்தாற்போல ஆகும்.

“இல்லம்மா. இது கடல்ல பிடிச்சது. எப்படிப் பிடிச்சாங்கன்னு எங்களுக்கே தெரியாது. அதோ, அந்தத் தொட்டியில இருக்கிறதுதான் பண்ணை மீன். மாத்தித் தர்றேன்.”

மணிவண்ணன் பல்லைக் கடித்தான்.

சுபாஸ்ரீ அந்தத் தொட்டியைப் பார்த்தாள். பாதிப் பட்டை மீன் ஒன்று அவள் முகத்துக்கு நேரே வந்து வாயைத் திறந்து மூடியது. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு மேசைமேல் இருந்த பையை, கடலில் பிடித்த அந்த ஜோடியோடு அப்படியே எடுத்துத் தன் துணிப்பைக்குள் பத்திரமாக வைத்தாள். சுமலதாவின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.