பெரிய டார்ச், குட்டி டார்ச்

என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அப்பா பலகாரம் வாங்கப் போகவில்லை. டார்ச் வாங்கப் போனார்.

இரண்டு வாங்கி வந்தார். ஒன்று மூன்று செல் போடும் பெரியது. அடித்தால் எதிர் வீட்டுக் கொடியில் காயும் துணியின் தையல்வரை தெரியும். இன்னொன்று ஒற்றைப் பென்சில் செல் போடும் குட்டி. அது 2008. வேலம்பாளையத்தில் எங்கள் பகுதிக்கு மாலை ஆறிலிருந்து எட்டுவரை கரண்ட் கட். மாப்பிள்ளை வீட்டார் மங்கலத்திலிருந்து ஆறரைக்கு மேல்தான் வருவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதை அப்பா குலதெய்வம் செய்த உபகாரம் என்றே எடுத்துக்கொண்டார்.

காரணம் என் இடது கன்னம். சின்ன வயதில் கொதிக்கும் கஞ்சி கொட்டிய தழும்பு, வெற்றிலை அகலத்துக்கு இருக்கும். முன்பு வந்த இரண்டு வரன்களும் டியூப்லைட் வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு, "ஊட்டுக்குப் போயிச் சொல்லியனுப்பறமுங்க" என்று போனவர்கள்தான்.

அப்பா கதவைச் சாத்தி என்னை உட்காரவைத்துச் சோதனை நடத்தினார்.

"பெருசு வாசல்ல இருக்கட்டும். வர்றவங்க சாக்கடையில கால் வெச்சறக் கூடாது. உனக்குச் சின்னது போதும் கண்ணு."

குட்டியை என்மேல் அடித்தார். தழும்பு தெரிந்தது. "செல்லு புதுசு, அதான்" என்று சுவர்க் கடிகாரத்திலிருந்த பழைய செல்லைக் கழற்றி டார்ச்சில் போட்டார். கடிகாரம் நின்றது. தழும்பு மறைந்தது. அப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். ஊசி ஓட்டையோ எண்ணெய்க் கறையோ, எது இருந்தாலும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டத்தான் எனக்குச் சம்பளம். தாலி ஏறிய மறுநாள் வெயில் வரும் அல்லவா? அப்போது அந்த மனிதரின் முகம் எப்படிப் போகும் என்பதுதான் என் பயம். அப்பா அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.

வந்தார்கள். மாப்பிள்ளை சரவணக்குமார், ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். அவருடைய அம்மா மயிலாள் மகனைச் சுவரோரம் உட்காரவைத்து, பக்கத்தில் ஒட்டி அமர்ந்தார். ஜன்னலில் வைத்திருந்த குட்டி டார்ச்சைப் பார்த்து, "கண்ணுக்குக் குளுமையா இருக்குதுங்க, இதே போதுமுங்க" என்றார். என்ன பெருந்தன்மை என்று அப்பா நெகிழ்ந்து போனார்.

காபித் தட்டை நீட்டினேன். இருட்டிலிருந்து ஒரு கை வந்து டம்ளரை எடுத்துக்கொண்டது. பெண் பார்த்தல் அத்தோடு முடிந்தது.

"புள்ளை லட்சணமா இருக்குதுங்க" என்றார் மயிலாள், எதைப் பார்த்தாரோ.

எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் இருந்த பெரிய டார்ச்சை எடுத்து வந்து என் கன்னத்திலேயே அடித்துக்கொண்டேன்.

"நல்லாப் பாத்துக்கோங்க. கஞ்சி கொட்டுனதுங்க. கம்பெனில நாள் பூராவும் டேமேஜுக்கு ஸ்டிக்கர் ஒட்டறேன். எனக்கு மட்டும் ஒட்டாம அனுப்பறது நல்லால்லீங்க."

அப்பா நின்றுபோன கடிகாரத்தில் மணி பார்த்தார். மாப்பிள்ளை எழுந்து வந்தார். தோளில் கிடந்த துண்டுக்குள்ளிருந்து இடது கையை எடுத்து வெளிச்சத்தில் நீட்டினார். இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன.

"கட்டிங் மெசினுங்க" என்றார். "கரண்ட் போனதுக்கப்புறம் போலாம்னு அம்மாதானுங்க சொன்னாங்க."

அப்பாவும் மயிலாளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

நான் டார்ச்சை அணைக்கப் போனேன்.

"இருக்கட்டுங்க" என்றார் அவர். "இன்னும் சரியாப் பாக்கலீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு வெளிச்சத்தில் அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.